வேலியோரத்து மருள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கட்டைபறிச்சானிலுள்ள நண்பர் ஒருவரின் வீடு குடிபுகும் வைபவத்துக்குச் சென்றிருந்தேன். வெறுங்கையுடன் செல்ல மனமில்லாமல், கொழும்பில் தெருவோரப் பூங்கன்றுக் கடையொன்றில் ஒரு பூச்சாடி வாங்கிக்கொண்டேன். வாள்போல் நிமிர்ந்த இலைகள், ஓரத்தில் மஞ்சட் கரை, நடுவே பாம்புத் தோலை ஒத்த பச்சை வரிகள். விலை ஆயிரத்து இருநூறு ரூபா. "தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாகாது ஐயா, வெளிநாட்டுச் சாமான்" என்றார் கடைக்காரர்.

நண்பரின் தாயார் எண்பது வயதைக் கடந்தவர். நான் நீட்டிய சாடியை வாங்கித் திண்ணையில் வைத்துச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பின்னர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதக் காசு குடுத்தா தம்பி வாங்கின நீங்க? நம்மட வேலிக்குள்ள கிடக்கிற மருள்தானே இது!"

என்னைக் கையோடு அழைத்துச் சென்று வளவின் பின்வேலியைக் காட்டினார். ஆமணக்கும் நாயுருவியும் மண்டிக் கிடந்த இடத்தில், கிளுவைக் கதியால்களின் அடியில், அதே சாயலுடைய இலைகள் கூட்டமாக நின்றன. மஞ்சட் கரை இல்லை. இலை சற்று ஒடுங்கி, உட்புறம் வாய்க்கால்போல் குழிந்திருந்தது. மற்றும்படி அக்காள் தங்கை என்றே சொல்லலாம். "பூக்கட்ட வாழைநார் கிடைக்காட்டி இதத்தான் கீறி நாரெடுப்பம்" என்று ஓர் இலையை நெடுகக் கிழித்துக் காட்டினார். வெள்ளிக் கம்பிபோல் நார் பிரிந்து வந்தது.

ஆச்சி சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி பிழை என்பதைக் கொழும்பு திரும்பிப் புத்தகங்களைப் புரட்டியபோது அறிந்தேன். அந்தச் சரியையும் பிழையையும் பிரித்தறியப் புகுந்தபோது, இரண்டாயிரம் ஆண்டு நீளமுள்ள கதை ஒன்று கிடைத்தது. அதனையே இங்கு எழுதுகின்றேன்.

வரண்ட நிலத்தின் பயிர்

கட்டைபறிச்சான் திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில், மூதூரிலிருந்து சம்பூர் செல்லும் வழியில் உள்ள ஊர். பெயரைக் கேட்டவுடன், காடு வெட்டிக் கட்டை பறித்து நிலம் திருத்தியவர்களின் உருவம் மனக்கண்ணில் எழும். அயலூரின் பெயர் சேனையூர். இன்னும் சற்றுத் தொலைவில் கடற்கரைச்சேனை. காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் நடுவே வாழ்க்கையை அமைத்துக்கொண்ட மக்களின் ஊர்கள் இவை.

இப்பகுதியின் மழை பெரும்பாலும் ஒக்டோபரில் தொடங்கி சனவரியுடன் ஓயும் வடகீழ்ப் பருவ மழையே. வைகாசி தொட்டு ஆவணி வரை கச்சான் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். புல் கருகும், குளம் வெடிக்கும். அந்த நாட்களிலும் பற்றைக்காட்டின் நிழலில் பச்சை மாறாமல் நிற்கும் சிலவற்றுள் மருளும் ஒன்று. இலையினுள்ளே நீரைச் சேமித்து வைத்திருக்கும். பிற செடிகள் பகலில் இலைவாய்களைத் திறந்து காற்றை உள்வாங்குகையில் நீரையும் ஆவியாக இழக்கின்றன. மருள் பகலில் இலைவாய்களைப் பெரும்பாலும் மூடிக்கொள்கின்றது. இரவின் குளிர்ச்சியில் திறந்து காபனீரொட்சைட்டை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கின்றது. கடைக்காரர் "சாகாது" என்று சொன்னதன் இரகசியம் இதுவே.

சங்கப் பாடல்களில் மரல்

மருளுக்குப் பழந்தமிழ்ப் பெயர் மரல். பெருங்குரும்பை என்றும் பெயருண்டு. சிங்களத்தில் நியந்த என்பர். சங்க இலக்கியத்தைப் பாடமாகப் படித்த காலத்தில் மரல் என்ற சொல்லைப் பலமுறை கடந்து சென்றிருக்கின்றேன். "ஒருவகைக் கற்றாழை" என்ற உரைக் குறிப்புடன் திருப்தியடைந்து அடுத்த வரிக்குச் சென்றுவிடுவோம். அந்தச் செடி எங்கள் வீட்டு வேலியில் நிற்கக்கூடும் என்று ஆசிரியரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாலை நிலத்தின் கொடுமையைச் சொல்ல வந்த புலவர்களுக்கு மரல் கைகொடுத்திருக்கின்றது. குறுந்தொகையின் 232ஆம் பாடலில், மரலை உணவாகத் தின்ற இரலை மான், யானை ஒடித்துத் தின்று எஞ்சிய யா மரத்தின் அரைகுறை நிழலில் உறங்குகின்றது. கலித்தொகையின் 6ஆம் பாடலில், மாரி பொய்த்த காலத்தில் மரையா மரலைக் கவர்ந்து தின்னுகின்றது. புல்லும் நீரும் அற்றபோது, இலைக்குள் நீர் வைத்திருக்கும் செடியை விலங்கு தேடிச் செல்கின்றது என்பதை அப்புலவர்கள் கவனித்து எழுதியுள்ளனர். தாவரவியலாளன் ஒருவன் எழுதும் குறிப்புக்கு இது குறைந்ததன்று.

நாரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலைபடுகடாத்தில், மராமரத்தின் பூங்கொத்தையும் யா மரத்தின் தளிரையும் வாடிய மரலின் நாரால் தொடுத்துத் தலையில் சூடிக்கொள்ளும் காட்சி வருகின்றது.

என்னை நிறுத்தி வைத்தது புறநானூற்றின் 264ஆம் பாடல். உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வந்து மாண்ட வீரனுக்குக் கல் நட்டாயிற்று. பரற்கல் நிறைந்த இடத்திலே பதுக்கை அமைத்து, மரலைக் கீறியெடுத்த நாரால் தொடுத்த செம்பூமாலையும் மயிற்பீலியும் சூட்டி, பெயரும் பொறித்தாயிற்று. அவன் இறந்த செய்தியை அறியாமல் அவனை நாடிப் பாணர் கூட்டம் இனியும் வருமோ என்று புலவர் இரங்குகின்றார்.

ஆச்சி இலையைக் கீறிக் காட்டிய விதம் அப்போது என் நினைவுக்கு வந்தது. அவர் சங்க இலக்கியம் படித்தவரல்லர். கோயிலுக்கும் சாவீட்டுக்கும் பூத்தொடுக்க அவருடைய தாயும் தாயின் தாயும் செய்ததைச் செய்தார். நடுகல்லுக்கு மாலை கட்டியவர்களும் அதைத்தான் செய்திருக்கின்றார்கள். நூலில் அச்சாகி எங்களிடம் வந்து சேர்ந்த சொல் எங்களுக்கு வெறும் உரைக்குறிப்பாகிவிட்டது. நூல் காணாத வேலியோரத்தில் அது தொழிலாகவே இருந்துவந்துள்ளது.

வில்லுக்கு நாண்

ஆங்கிலேயர் இச்செடிக்கு இட்ட பெயர்களுள் ஒன்றின் பொருள் "இலங்கை வில்நாண் சணல்" என்பதாகும். வடமொழியில் மூர்வா என்ற நார்ச்செடி பேசப்படுகின்றது. வில்லின் நாணுக்கு மௌர்வீ என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. சத்திரியனின் அரைஞாண் மூர்வா நாரால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்று மனுநூல் விதிக்கின்றது. அந்த மூர்வா நமது மருள்தானா, அல்லது வேறொரு கொடியா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வங்காளத்தில் மருள் இனத்துச் செடியை மக்கள் இப்பெயரின் திரிபுகளால் அழைத்தனர் என்பதும், ஆந்திரக் கரையோரத்தில் அதன் நாரை வில்நாணுக்குப் பயன்படுத்தினர் என்பதும் பதிவாகியுள்ளன.

கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளர் வில்லியம் ரொக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றிய தமது பெருநூலில் இச்செடியைப் படத்துடன் விவரித்தார். 1793இல் கல்கத்தாத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், இதன் நாரில் மிகுந்த அக்கறை காட்டினார். கம்பனிக்கு அக்கறை வந்ததன் காரணம் எளிது. பாய்க்கப்பல்களுக்குக் கயிறு வேண்டும். நல்ல சணலோ ருசியாவில் விளைந்தது. இந்தியாவில் அதற்கு மாற்று அகப்படுமா என்று ஒவ்வொரு நார்ச்செடியாகச் சோதித்தனர். 19ஆம் நூற்றாண்டுப் பதிவுகளின்படி, நான்கடி நீளமான மருள் கயிறு 120 இறாத்தல் பாரத்தைத் தாங்கியது. அதே அளவான ருசியச் சணற் கயிறு 105 இறாத்தலையே தாங்கியது. ஆனால் 40 இறாத்தல் பச்சை இலையிலிருந்து ஓர் இறாத்தல் நாரே கிடைத்தது. வலிமையில் வென்ற மருள் கணக்கில் தோற்றது. பெருந்தோட்டப் பயிராக அது இங்கு காலூன்றவில்லை.

கண்டி நாட்டிலே இதே நார் கலையாயிற்று. ஆனந்த குமாரசுவாமி தமது "இடைக்காலச் சிங்களக் கலை" என்னும் நூலை 1908இல் வெளியிட்டபோது, கின்னர சமூகத்தினர் நியந்த நாரால் பாய் நெய்யும் முறையை அதில் பதிவுசெய்தார். தும்பறைப் பாய்கள் என இன்று புகழ்பெற்றவை அந்த மரபின் வழிவந்தவையே. இன்று அவற்றை நெய்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஹண எனப்படும் ஆனைக்கற்றாழை இனத்தின் நாரை. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. இலை பெரிது, நாரும் அதிகம்.

கொட்டியாரக் கரையும் லெய்டன் நகரும்

1660இல் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டிருந்த "ஆன்" என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவரையும் அவருடைய மகனையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். மகன் ரொபர்ட் நொக்ஸ் 1679இல் தப்பி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலங்கை பற்றிய அவருடைய நூல் இலண்டனில் வெளியானது. அவர் பிடிபட்ட இடம் எனச் சொல்லப்படும் புளியமரத்தை மூதூரில் "வெள்ளைக்காரன் மரம்" என்பர்.

நொக்ஸ் மலைநாட்டில் கைதியாக இருந்த அதே காலத்தில், கரையோரத்தில் ஒல்லாந்தரின் ஆட்சிப் பகுதியில் வேறொரு ஐரோப்பியர் செடிகொடிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். அவர் போல் ஹேர்மன். 1672 முதல் சுமார் எட்டாண்டுகள் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இங்கு பணியாற்றியவர். அவர் உலர்த்தி ஒட்டிய இலங்கைச் செடிகளின் தொகுதிகள் அவருக்குப் பின்னர் கைமாறிக் கைமாறி, 1744இல் சுவீடனில் லின்னேயசின் பார்வைக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்து லின்னேயஸ் 1747இல் வெளியிட்டதே "இலங்கைத் தாவரங்கள்" என்னும் இலத்தீன் நூல். அத்தொகுதிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளன.

1753இல் லின்னேயஸ் நமது மருளைக் கற்றாழைக் குடும்பத்தில் சேர்த்து, "சிலானிக்கா" என்று, அதாவது இலங்கைக்குரியது என்று, ஒரு வகைப்பெயர் சூட்டினார். அவருடைய மாணவர் தூன்பேர்க் 1777இல் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கிச் சென்றவர். அவரே 1794இல் சான்சிவேரியா என்ற இனப்பெயரைப் பயன்படுத்தினார். அந்தப் பெயர் நமது நாட்டுடன் தொடர்பற்ற இத்தாலியப் பிரபு ஒருவருடையது. எந்தப் பிரபு என்பதிலேயே குழப்பம் உண்டு. நேப்பிள்சில் தமது தோட்டத்தில் இச்செடியை வளர்த்த சன்செவரினோ குடும்பத்தவரை எண்ணிப் பெத்தாஞ்ஞா என்பவர் 1787இல் வேறொரு வடிவில் சூட்டிய பெயர், எழுத்து மாறி இவ்வாறாயிற்று என்பர். 1799இல் வில்டெனோவ் "சான்சிவேரியா சிலானிக்கா" என்று நிலைநிறுத்தினார். அண்மையில், 2017, 2018ஆம் ஆண்டுகளில், மரபணு ஆய்வுகளை ஆதாரமாகக் கொண்டு இந்த இனம் முழுவதையும் டிரசீனாவுக்குள் சேர்த்துவிட்டனர். 265 ஆண்டுகளில் பல தடவை குடும்பம் மாறியபோதும், "இலங்கைக்குரியது" என்ற அடைமொழி மட்டும் கழன்று போகவில்லை.

சாடியில் வந்தவள்

இனி நான் காசு கொடுத்து வாங்கியதன் பூர்வீகத்தைப் பார்ப்போம். அதன் தாய்நாடு மேற்கு ஆபிரிக்கா; நைஜீரியா தொடக்கம் கொங்கோ வரை. ஆயினும் அதற்கு "டிரைபாசியாட்டா" என்ற பெயர் கிடைத்தது கல்கத்தாவுடன் தொடர்புள்ள நூலில். டேவிட் பிரெயின் 1903இல் வெளியிட்ட "வங்காளத் தாவரங்கள்" என்ற நூலிலேயே அது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. மஞ்சட் கரையுள்ள வகை பெல்ஜியத் தாவரவியலாளர் எமில் லோரன் கொங்கோவில் கண்டெடுத்தது. 1904 முதல் அவருடைய பெயரால் "லோரன்டி" என வழங்குகின்றது. பறவைக்கூடுபோல் குறுகி விரியும் குட்டை வகை, 1939இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகர நாற்றுப் பண்ணையொன்றில் தானாகத் தோன்றியது. "ஹானி" என்ற பெயரில் அதற்கு 1941இல் காப்புரிமையும் பெற்றனர்.

இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் யப்பானியரின் கைக்குள் போனதும் கப்பற் கயிற்றுக்கான மணிலா நார் அமெரிக்காவுக்குக் கிடைக்காமற் போயிற்று. உடனே புளோரிடாவில் சான்சிவேரியாவை நட்டு நார் ஆராய்ச்சி செய்தனர். அதே 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. போர் முடிந்து நைலோன் கயிறு பெருகியதும் சான்சிவேரியா மறுபடியும் பூச்சாடிக்கே திரும்பியது.

1989இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்காக வூல்வர்டன் நடத்திய ஆய்வு, இச்செடி மூடிய அறையொன்றின் காற்றிலுள்ள சில நச்சு ஆவிகளைக் குறைப்பதாகக் காட்டியது. "இரவில் ஒட்சிசன் தரும் செடி" என்ற விளம்பரமும் சேர்ந்துகொண்டது. வாசகர்கள் இதை நம்பிக் காசை விரயமாக்க வேண்டியதில்லை. இரவில் அது செய்வது காபனீரொட்சைட்டைச் சேமிப்பது. ஒட்சிசன் வெளிவருவது வெளிச்சத்தில்தான். வீட்டுக் காற்றைத் திறந்த யன்னல் சுத்திகரிக்கும் அளவுக்குச் செடிகளால் சுத்திகரிக்க வேண்டுமாயின், ஒரு சதுர மீற்றருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் தேவைப்படும் என்று ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கணக்கிட்டுக் காட்டினர்.

ஆகவே ஆச்சி சொன்னது இவ்வளவில் பிழை: நான் கொண்டுசென்றது அவருடைய மருள் அன்று, அதன் ஆபிரிக்க உறவு. சரியானது எதுவென்றால், தன் வேலியில் கிடப்பதன் இனத்தை ஒருவன் வெளிநாட்டுச் சாமான் என்று விலை கொடுத்துச் சுமந்து வந்தான் என்பது.

2006

பின்வேலியடியில் நின்று ஆச்சி இன்னொன்றும் சொன்னார். 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் விமானக் குண்டுவீச்சு தொடங்கியது. ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை. செப்டெம்பர் 4ஆம் திகதி சம்பூர் இராணுவத்தின் வசமாயிற்று. அப்பகுதி மக்கள் ஈச்சிலம்பற்று, வாகரை வழியாக மட்டக்களப்புக்கு நடந்தனர். ஆச்சியின் குடும்பமும் அவர்களுள் அடக்கம். வாசலில் வரிசையாகக் குரோட்டன்களும் ரோசாக்களும் வைத்திருந்தாராம். திரும்பி வந்தபோது சாடிகள்கூட இல்லை. கிணற்றடி வாழை இல்லை. கூரை இல்லை. "மருள் மட்டும் நின்டது தம்பி. முந்தி நின்டதவிடக் கூட நின்டது."

அவர்கள் திரும்பிய பின்னரும் சம்பூர் மக்கள் திரும்ப முடியவில்லை. அவர்களுடைய காணிகள் முதலில் உயர் பாதுகாப்பு வலயமாகவும், பின்னர் கைத்தொழில் வலயமாகவும் அறிவிக்கப்பட்டன. கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. அந்தக் காலத்தில் செய்தியாளனாக அக்கொட்டில்களுக்குச் சென்றபோது, தகர டின்களிலும் உடைந்த வாளிகளிலும் பெண்கள் செடி நட்டு வைத்திருந்ததைக் கண்டிருக்கின்றேன். அதைச் செய்தியாக எழுதத் தோன்றவில்லை. எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் என்பதைத்தான் எழுதினேன். அது அவசியமானதுதான். ஆனால் சொந்த மண் இல்லாதவர் ஒரு டின் மண்ணைத் தேடி எதை நட்டார் என்பதையும் குறித்துவைத்திருக்கலாமே என்று இப்போது நினைக்கின்றேன்.

வளர்ப்பும் பெருக்கமும்

ஆச்சியிடம் கேட்டதையும் என் யன்னலோர அனுபவத்தையும் சேர்த்துச் சில குறிப்புகள் தருகின்றேன். இவை நாட்டு மருளுக்கும் சாடி மருளுக்கும் பொதுவானவை.

மருளைக் கொல்வது பெரும்பாலும் வரட்சியன்று. அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீர். சாடியின் அடியில் துவாரம் கட்டாயம். துவாரத்தின்மேல் ஓட்டுத் துண்டு வைத்து, தோட்ட மண், பரும்படியான ஆற்று மணல், மக்கிய கூட்டெரு மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்பலாம். கடல் மணலாயின் உப்புப் போகப் பலமுறை கழுவ வேண்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். அடிவரை காய்ந்த பின்னரே நீர் ஊற்றுங்கள். கச்சான் காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை போதும். மாரியில் சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். இலைகள் கூடும் குருத்துக்குள் நீர் தேங்கினால் அழுகும். சாடியின் கீழ்த் தட்டில் நீர் நிற்க விடாதீர்கள். அது செடிக்குக் கேடு, டெங்கு நுளம்புக்கு வீடு.

இருட்டறையில் வைத்தாலும் உயிரோடிருக்கும், ஆனால் வளராது. வெளிச்சம் உள்ள யன்னலோரம் நல்லது. நெடுநாள் உள்ளே இருந்த செடியைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெந்துபோகும். சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மாவுப்பூச்சி கண்டால் சவர்க்கார நீர் தோய்த்த துணியால் துடைத்துவிடலாம். இலையில் சப்போனின் என்ற பொருள் உண்டு. குழந்தைகளும் பூனை நாய்களும் மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருக்குவதற்கு இரண்டு வழிகள். முதலாவது, கிழங்கு பிரித்தல். மண்ணின் கீழே விரல் தடிப்பில் ஊர்ந்து செல்லும் தண்டிலிருந்து புதிய கூட்டங்கள் முளைக்கும். சாடியைக் கவிழ்த்து, இலையும் வேரும் உள்ள துண்டாகப் பார்த்துக் கூரிய கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயில் சாம்பல் தொட்டு ஒரு நாள் நிழலில் வைத்து நடுங்கள். ஒரு வாரம் வரை தண்ணீர் வேண்டாம். ஆச்சியின் வேலியில் மனிதர் எவரும் இல்லாத காலத்தில் நடந்ததும் இதுதான். மேலே எரிந்தாலும் மிதிபட்டாலும், கீழே தண்டு உயிருடன் இருந்தால் அடுத்த மாரியில் தளிர்க்கும்.

இரண்டாவது, இலைத் துண்டு. முதிர்ந்த இலையொன்றை அடியோடு வெட்டி, மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். எது மேல், எது கீழ் என்பதை அப்போதே அடையாளமிடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. நான் கீழ்ப்பக்கத்தை அம்புமுனைபோல் வெட்டிக்கொள்வேன். இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வெட்டுவாய் காயட்டும். பின்னர் மணல் கலந்த மண்ணில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஊன்றி, சற்றே ஈரம் காட்டி வையுங்கள். யோகட் கோப்பையில் துளையிட்டு நட்டாலும் போதும். வேர்விட ஒரு மாதத்துக்கு மேலாகும். மண்ணைப் பிளந்து குருத்து வெளிவர மேலும் சில மாதங்கள் செல்லும். இடையில் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். போத்தல் நீரிலும் வேர்விடும். ஆனால் நீரை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அங்கும் நுளம்பு குடியேறும்.

மஞ்சட் கரை வகை வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் இலைத் துண்டிலிருந்து முளைக்கும் பிள்ளைக்கு மஞ்சட் கரை இராது. வெறும் பச்சையாகவே வரும். கரைப் பகுதியும் நடுப் பகுதியும் வெவ்வேறு தன்மையுள்ள கலங்களால் ஆனவை. புதிய குருத்து பச்சைக் கலங்களிலிருந்து பிறப்பதால் கரை தொலைந்துவிடுகின்றது. கரை வேண்டுமாயின் கிழங்கு பிரித்தலே வழி.

பூப்பது அரிது. பூத்தால் வெளிறிய பச்சை கலந்த வெண்பூக்கள் ஒரு தண்டில் நிரையாக வரும், இரவில் மணக்கும். பூத்த கூட்டம் அதற்குமேல் புதிய இலை விடாது. பக்கத்தில் பிள்ளைகளை விட்டுச் செல்லும்.

இரண்டு வேண்டுகோள்கள். காட்டிலுள்ள நாட்டு மருளைக் கூட்டத்தோடு கிண்டி எடுக்காதீர்கள். ஓர் இலை போதும் என்பதை மேலே கண்டோம். அவ்வாறே சாடி மருளின் எஞ்சிய கிழங்குகளைக் காட்டோரத்தில் வீசாதீர்கள். இதன் ஆபிரிக்க உறவுகள் புளோரிடா போன்ற இடங்களில் களையாகப் பரவித் தொல்லை கொடுக்கின்றன.

விடைபெறும்போது ஆச்சி வேலியிலிருந்து ஒரு துண்டுக் கிழங்கைத் தாளில் சுற்றித் தந்தார். நான் கொண்டுசென்ற சாடியைத் திருப்பித் தரவில்லை, திண்ணையில் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டு இப்போது என் யன்னலோரத்தில் ஐந்து கூட்டங்களாக நிற்கின்றது. சென்ற கார்த்திகையில் வாசலுக்கு மாலை கட்ட நார் இல்லாதபோது ஓர் இலையைக் கீறிப் பார்த்தேன். முதல் மூன்று தடவை நார் அறுந்தது. நான்காவது தடவை பிரிந்தது. அளவான அழுத்தத்தில், நகத்தால், அடியிலிருந்து நுனிக்கு இழுக்க வேண்டும். அதை எனக்கு எந்த உரைகாரரும் சொல்லித் தரவில்லை.

உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர், வீட்டில் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதை எங்காவது எழுதியும் வையுங்கள்.